உலகை வலம்வந்த முதற் பெண்மணி

சேலம் நகருக்கு வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அங்கிருந்து வாழவந்தி முதலிய மலையூர்களை நோக்கிச் செல்வோர், வேலிகளிலும் வீட்டு முகப்புகளிலும் செந்நிறமும் ஊதா நிறமுமாகக் கொத்துக்கொத்தாகப் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியைக் காண்பர். அதனை நாம் காகிதப்பூ என்கிறோம்; தாவர நூலார் பூகன்வில்லியா என்பர். கண்ணைக் கவரும் அதன் வண்ண மடல்கள் உண்மையில் பூவிதழ்கள் அல்ல. பூவைச் சூழ்ந்து நிற்கும் இலைகளே. அவற்றின் நடுவே, உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத சிறு வெண்குழல்களே அதன் பூக்கள்.

இக்கொடி நம் மலைக்கு உரியதன்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயரால் இது வழங்குகிறது. அவர் உலகைச் சுற்றி வந்த பயணத்தில் செடிகொடிகளைத் தேடித் திரட்டியோர் இருவர். ஒருவர் கொமெர்சோன் என்னும் மருத்துவர். மற்றவர், ஆணுடையில் தம்மை மறைத்துக்கொண்டு அவருடன் சென்ற ழான் பாரே என்னும் அம்மையார். அவ்வம்மையாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் இல்லறமும்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் லா கொமெல் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1740ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் பாரே பிறந்தார். பெற்றோர் கூலி வேலை செய்து பிழைத்த ஏழை மக்கள். குழந்தை தளர்நடை பயிலும் பருவத்திலேயே அன்னையார் இறந்தார். அக்காலத்தில் அந்நாட்டு உழவர் குடிப் பெண்களுள் பெரும்பாலார் தம் பெயரையும் எழுத அறியார். பாரேயோ கையொப்பம் இடும் அளவிற்கேனும் எழுத்தறிவு பெற்றிருந்தார்.

பிலிபர் கொமெர்சோன் 1727ஆம் ஆண்டில் பிறந்தவர். மோன்பெலியே நகரில் மருத்துவம் பயின்றவர். ஆயினும் அவர் உள்ளம் நோயாளரை நாடியதினும் செடிகொடிகளையே மிகுதியும் நாடியது. தாவரங்களை வகைப்படுத்தும் முறையை உலகிற்கு வகுத்துத் தந்த லின்னேயசு என்னும் பேரறிஞரோடு அவர் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். 1762ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் மகவீன்றபின் உயிர் நீத்தார். தாயற்ற அவ்வில்லத்தின் பொறுப்பை ஏற்க வந்தவரே பாரே. 1764ஆம் ஆண்டில் இருவரும் பாரிசு நகரில் குடியேறினர். முறைப்படி மணம் செய்துகொள்ளவில்லையாயினும், அவர்கள் இறுதிவரை வாழ்க்கைத் துணைவராகவே விளங்கினர். செடியைப் பழுதுபடாமல் பறித்தல், தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துதல், பெயரும் இடமும் குறித்து அடுக்குதல் ஆகிய தொழில்களில் அம்மையார் கைதேர்ந்தவர் ஆனார்.

தடையும் துணிவும்

1766ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, உலகைச் சுற்றி வருமாறு பூகன்வில்லை அனுப்ப முடிவு செய்தது. இயற்கை நூல் வல்லுநராகக் கொமெர்சோன் அப்பயணத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவரோ அடிக்கடி நோய்வாய்ப்படுபவர். காலில் ஆறாப் புண்ணும் உடையவர். துணையின்றி அவர் மலையேறிச் செடி திரட்டுதல் இயலாது. பணியாள் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல அரசு இசைந்தது. ஆனால், அரசின் கப்பல்களில் பெண்கள் செல்லலாகாது என்று 1689ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது.

பெண்டிரோடு கடல் கடத்தல் வழக்கமன்று என்று தொல்காப்பியம் கூறுவதாக உரையாசிரியர் சிலர் பொருள் கொள்வர். தமிழகத்தில் மரபாக இருந்தது அங்கே சட்டமாகவே இருந்தது. அத்தடைக்கு அம்மையார் அஞ்சினாரல்லர். ஆடவர் உடை பூண்டார். தம் பெயரையும் ஆண்பெயராகத் திரித்துக்கொண்டார். முன்பின் அறியாத பணியாள் போலத் துறைமுகத்திற்கு வந்து கொமெர்சோனிடம் வேலைக்கு அமர்ந்தார். புறப்படுமுன் கொமெர்சோன் விருப்பாவணம் ஒன்று எழுதி, தமக்குப்பின் 600 லிவர் பணமும் இல்லப் பொருள்களும் பாரேயைச் சேருமாறு செய்திருந்தார். இப்பணமே பின்னாளில் அவருக்கு உதவியது.

பூகன்வில் ஏறிய கப்பலின் பெயர் பூதேசு. அதற்குத் துணையாகச் சென்றது எத்துவால். அப்பெயருக்கு விண்மீன் என்பது பொருள். கொமெர்சோனும் பாரேயும் எத்துவாலில் ஏறினர். அது 1767ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ரோசுபோர்த் துறையினின்று புறப்பட்டது. கருவிகளும் தாள்கட்டுகளும் மிகுதியாக இருந்தமையால், கப்பல் தலைவர் தம் அறையையே கொமெர்சோனுக்கு விட்டுக்கொடுத்தார். தனியறை கிடைத்ததனால் பாரேயின் மறைவாழ்க்கை ஓரளவு எளிதாயிற்று. எனினும், நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் நெருங்கி வாழும் மரக்கலத்தில், எந்நேரமும் தம்மைக் காத்துக்கொண்டு வாழ்ந்த அவ்வம்மையாரின் மனவுறுதியை என்னென்பது!

மலையும் பனியும்

1767ஆம் ஆண்டில் கப்பல்கள் தென்னமெரிக்காவின் ரியோ டி செனிரோ நகரை அடைந்தன. அப்பகுதியிலேதான் நாம் முன்னர்க் கூறிய காகிதப்பூக் கொடியை அவ்விருவரும் திரட்டினர். கொமெர்சோன் அதற்குத் தம் பயணத் தலைவரின் பெயரை இட்டார். அப்பெயர் 1789ஆம் ஆண்டில் ழுசியூ என்னும் அறிஞரின் நூலில் அச்சேறியது.

பின்னர்க் கப்பல்கள் தெற்கே சென்று மகெல்லன் நீரிணையைக் கடந்தன. அதனைக் கடக்க 52 நாள்கள் ஆயின. பனி மூடிய பாறைகளும் உறைந்த குன்றுகளும் நிறைந்த இடம் அது. அங்கே பாரே, உணவு மூட்டையும் துப்பாக்கியும் செடி அழுத்தும் பலகைகளும் சுமந்துகொண்டு, கொமெர்சோனுக்குப் பின்னே மலைமேல் ஏறினார். பொதி சுமக்கும் விலங்கென்று கொமெர்சோன் அவரை விளையாட்டாகப் பெயரிட்டு அழைத்தாராம். அவ்வுழைப்பைக் கண்ட மாலுமிகள், பெண்ணென்று ஐயுற்றோரும்கூட, வாய் திறவாராயினர். பாரே தேர்ந்த தாவரவியலார் என்று பூகன்வில்லே தம் நூலில் பாராட்டி எழுதியுள்ளார்.

தீவுகளினூடே

1768ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலுள் நுழைந்தன. இனி மேற்கு நோக்கிச் செல்லும் ஒவ்வொரு காதமும் தாயகத்தை அணுகும் வழியே. ஏப்பிரல் திங்களில் அவை தாகித்தித் தீவை அடைந்தன. தென்னையும் ஈரப்பலாவும் செழித்த அத்தீவில் பாரே கரையிறங்கியவுடன், தீவினர் அவரைச் சூழ்ந்துகொண்டு, இவர் பெண் என்று கூவினர் எனப் பூகன்வில் எழுதுகிறார். ஐரோப்பிய உடையைக் கண்டு ஆண் பெண் வேறுபாடு அறியும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆகவே உடை அவர்கள் கண்ணை மறைக்கவில்லை போலும்.

தாகித்தியை விட்டு நீங்கியபின், பூகன்வில் எத்துவாலுக்குச் சென்று உசாவினார். பாரே கண்ணீர் மல்க உண்மையை ஒப்புக்கொண்டார். ஆயினும், தம் தலைவருக்கு இதில் பங்கில்லை என்றும், ஏமாற்றியவர் தாமே என்றும், பெற்றோரை இழந்து, வழக்கிலும் தோற்று வறுமையுற்றமையால் இவ்வேடம் பூண்டதாகவும் கூறினார். கொமெர்சோனுக்குத் தண்டனை நேராதிருத்தற்பொருட்டுப் பழி முழுவதையும் தம்மேல் ஏற்றுக்கொண்ட செயல் இது. பூகன்வில் அவரைத் தண்டித்திலர். அரசு இக்குற்றத்தைப் பொறுத்தருளும் என்றே நம்பினார். பாரேயின் மறைவு வெளிப்பட்ட காலமும் இடமும் பற்றிக் கப்பலில் இருந்த பிறர் எழுதிய குறிப்புகள் வேறுபடுகின்றன. நியூ அயர்லாந்துத் தீவில் மாலுமிகள் அவரைக் கொடுமைப்படுத்தி உண்மையை அறிந்தனர் என்ற குறிப்பும் உண்டு. எவ்வாறாயினும், அதன்பின் அம்மையார் அடைந்த துன்பம் சிறிதன்று.

சமோவாத் தீவுகளையும், இன்று வனுவாட்டு எனப்படும் தீவுகளையும் கடந்து கப்பல்கள் மேற்கே சென்றன. 1768ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆத்திரேலியாவின் கீழ்க்கரைக்கு முன்னே, பெரும் பவளப் பாரின்மேல் அலைகள் மோதி நுரைப்பதைக் கண்டு, வடக்கே திரும்பின. உணவு குன்றியது. கப்பலில் வளர்த்த ஆட்டையும் நாயையும் உண்ண நேர்ந்தது. பழைய தோலை வேகவைத்து உண்ணத் தொடங்கியோரைத் தலைவர் தடுக்கவேண்டியதாயிற்று. செப்டம்பர்த் திங்களில் மொலுக்காத் தீவுகளைச் சேர்ந்த பூருவில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தபோதே அவர்கள் வயிறார உண்டனர். பின்னர், இன்று சகார்த்தா எனப்படும் பத்தேவியாவைக் கடந்து, நவம்பர்த் திங்களில் மொரீசியசுத் தீவில் கரையேறினர்.

துணையை இழத்தல்

மொரீசியசு அந்நாளில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. கொமெர்சோனின் நண்பர் பியேர் புவாவர் அங்கே உயர் அலுவலராக விளங்கினார். கிராம்பும் சாதிக்காயும் கொணர்ந்து பயிரிட முயன்றவர் அவர். தாவர ஆராய்ச்சியின் பொருட்டுக் கொமெர்சோனைத் தம்மிடம் இருத்திக்கொண்டார். பூகன்வில் தாயகம் சென்று 1769ஆம் ஆண்டு மார்ச்சில் வரவேற்புப் பெற்றார். பாரேயும் கொமெர்சோனும் பாதிவழியில் தங்கினர். புதுச்சேரிப் பகுதியினின்று கல்தச்சரும் பிற கைவினைஞருமாகச் சென்ற தமிழர்கள், அதற்கு ஒரு தலைமுறை முன்பே அத்தீவில் குடியேறியிருந்தனர் என்பது நாம் அறியத்தக்கது.

அங்கும் செடி திரட்டும் பணி தொடர்ந்தது. கொமெர்சோன் மடகாசுகருக்கும் பூர்போன் தீவிற்கும் சென்று ஆராய்ந்தார். 1772ஆம் ஆண்டில் புவாவர் பதவி நீங்கித் தாயகம் திரும்பவே, அவர்களுக்கு ஆதரவு குன்றியது. நோய் முதிர்ந்து, 1773ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் கொமெர்சோன் உயிர் நீத்தார். அவர் இறந்த செய்தி பாரிசுக்கு எட்டாமையால், சில நாள்கள் கழித்து அந்நகரத்து அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பெருமை வந்தது, பெறுதற்கு உரியவர் இல்லை.

பாரே தனியரானார். கையில் பொருளில்லை, உற்றார் இல்லை, ஊரோ பல்லாயிரங்கல் தொலைவில். அவர் மனந்தளராது, போர்ட் லூயி நகரில் உணவும் பானமும் விற்கும் விடுதி ஒன்றை நடத்திப் பிழைத்தார். 1774ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் துபெர்னா என்னும் பிரெஞ்சுப் படைவீரரை மணந்தார். இருவரும் கப்பலேறி 1775ஆம் ஆண்டளவில் பிரான்சில் கரையிறங்கினர். கொமெர்சோனோடு தொடங்கிய வட்டம் அன்று நிறைவுற்றது. உலகை ஒருமுறை முழுதும் சுற்றி வந்த முதற் பெண்மணி என்னும் பெருமை பாரேக்கு உரியதாயிற்று. அந்நாளில் அதனைப் பாராட்டத் துறைமுகத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை.

பின்னாள் பெருமை

1776ஆம் ஆண்டில் கொமெர்சோனின் விருப்பாவணப்படி தமக்குரியதைப் பெற்றுக்கொண்டு, அம்மையார் தம் கணவரின் ஊர்ப்புறத்தே அமைதியாக வாழ்ந்தார். 1785ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை அமைச்சகம் அவருடைய தொண்டைப் போற்றி ஆண்டிற்கு 200 லிவர் ஓய்வூதியம் வழங்கியது. பெண் செல்லலாகாது என்று தடுத்த அதே அரசு, சென்று வந்தமைக்காகப் பரிசளித்தது. 1807ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 5ஆம் நாள், தம் 67ஆம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.

கொமெர்சோனும் பாரேயும் திரட்டிய ஆயிரக்கணக்கான செடிகள் பாரிசு நகர் அடைந்து, அங்குள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் பாதுகாக்கப்பெறுகின்றன. கொமெர்சோனின் பெயரைத் தாங்கிய உயிரினங்கள் பல. கொமெர்சோன் ஒரு செடிக்குப் பாரேயின் பெயரை இட்டும், அப்பெயர் நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டிலேதான், தென்னமெரிக்காவில் வளரும் கத்தரி இனத்துக் கொடி ஒன்றிற்கு அறிஞர்கள் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். அவர் மறைந்து 205 ஆண்டுகள் கழிந்தபின் கிடைத்த சிறப்பு அது.

நம் ஏற்காட்டிலும் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தோட்டம் ஒன்று உள்ளது. அங்கே மரங்களைப் பற்றி வளரும் அரிய ஆர்க்கிடு இனங்களைப் பேணி வளர்க்கின்றனர். ஒரு செடியின் பெயர்ச்சீட்டைக் காணும்போது, அப்பெயருக்கு உரியவரை நாம் அறிகிறோம். அதனைத் தேடி மலையேறியவரையும் மழையில் நனைந்து சுமந்தவரையும் அறிகிலோம். எந்தப் பெருஞ்செயலும் ஒருவரால் மட்டும் முடிவதன்று. அதில் உழைத்தோர் அனைவரையும் தேடி அறிந்து நன்றி பாராட்டுதல் கற்றவர் கடமை. இனிக் காகிதப்பூவைக் காணும்போது, வண்ண இலைகளை மட்டும் கண்டு மகிழ்ந்து செல்லாது, சற்றே நின்று, நடுவிலுள்ள வெண்மலரையும் நோக்குவோமாக.