அச்சுக்காரர் பிராங்கிளின்

அரசாங்க உத்தியோகம் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், அதனை விட்டுச் சிறிய அச்சுக்கூடம் ஒன்று தொடங்கலாமா என்று சென்ற மாதம் என்னிடம் வினவினார். மாதச் சம்பளத்திலேயே முப்பதாண்டு கழித்த யான் யாது விடை கூறுவேன்? பெஞ்சமின் பிராங்கிளினின் சரிதத்தையே அவருக்குக் கூறினேன்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயில விடப்பட்டார். தொழில் இனித்தது, தமையனாரின் அடி கசந்தது. 1723இல் வீட்டாருக்குச் சொல்லாமற் புறப்பட்டுப் பிலடெல்பியாவை அடைந்து கூலிக்கு வேலை செய்தார். தேசாதிபதி ஒருவரின் வாக்கை நம்பி, அச்சுக் கருவிகள் வாங்க இலண்டன் சென்று ஏமாந்தார். மீண்டு வந்து பழைய முதலாளியிடமே அமர்ந்தார். ஒருநாள் வெளியே எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுச் சாளரத்தால் எட்டிப் பார்த்தமைக்காக, அம்முதலாளி அயலார் கேட்க ஏசினார். அன்றே தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஆகவே அவரைச் சொந்தத் தொழிலுக்கு உந்தியது பொருளாசை மட்டுமன்று, மானமுமாம் என்பது என் துணிபு.

1728இல் நண்பர் ஒருவருடன் கூட்டாக அச்சுக்கூடம் திறந்தார். அந்நண்பரின் தந்தையார் முதலிற் பாதியே கொடுக்க, கடன்கொடுத்தோர் வழக்குத் தொடுத்தனர். வேறிரு நண்பர் கைகொடுத்தமையால் 1730இல் தொழில் அவர் ஒருவருக்கே உரியதாயிற்று. கோத்து முடித்த பாரம் தவறி எழுத்துக்கள் சிதறிய ஓரிரவில், அவற்றை மீளக் கோத்த பின்னரே உறங்கச் சென்றார். வாங்கிய கடதாசியைத் தாமே தள்ளுவண்டியில் வைத்து வீதிவழியே கொண்டுவந்தார். தம் உழைப்பை ஊரார் காணவேண்டும் என்பதும் அவர் கருத்தே. அதனை அவர் பின்னாளில் மறைத்தாருமல்லர்.

பத்திரிகையும், 1732இல் தொடங்கிய பஞ்சாங்கமும் செல்வம் அளித்தன. ஆயினும் 1748இல், நாற்பத்திரண்டாம் வயதிலேயே, தொழிலைப் பங்காளியிடம் ஒப்புவித்து, இலாபத்திற் பாதியோடு அமைந்தார். மின்சார ஆராய்ச்சிக்கும் பொதுப்பணிக்கும் வேண்டிய ஓய்வே அவர் வேண்டிய ஊதியம். பிரான்சில் தூதுவராயும் இருந்த அப்பெரியார், 1788இல் எழுதிய மரணசாசனத்தில் தம்மை முதற்கண் அச்சுக்காரர் என்றே குறித்தார். பதவிகளெல்லாம் அதன் பின்னரே வந்தன. 1790இல் காலமானார்.

சரிதத்தைக் கேட்ட மாணவர், தொடங்கலாமா என்று மீண்டும் வினவினார். எழுத்துச் சிதறும் இரவில் விழித்திருக்க மனம் ஒருப்படுமாயின் தொடங்குக என்றேன். அத்தகைய இரவுக்கு அஞ்சியே யான் சம்பளத்தோடு அமைந்தேன் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.