67 முறை ஓடினார், 2 முறைதான் ஜெயித்தார்: 96 வயதிலும் மலையேறிய 'டிப்சி பிசாசு' ஜாக் கிர்க் யார்?

சதுரகிரி ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். தாணிப்பாறையில் உற்சாகமாகக் கிளம்பிய இளவட்டங்கள், கோரக்கர் குகை வருவதற்குள் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு துண்டு, அவசரமே இல்லாத நடை என்று ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

இப்போ அதே மாதிரி ஒரு மலைப்பாதையில் ஓட்டப்பந்தயம் வைக்கிறோம் என்று வையுங்கள். 60 வயசுப் பெரியவரும் 20 வயசுப் பையனும் ஒரே பரிசுக்கு ஓடுகிறார்கள். பெரியவர் ஜெயிக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் ஒருவர் அப்படி ஜெயித்தும் காட்டினார். அவர் பெயர் ஜாக் கிர்க். ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கியது அந்த வெற்றி மட்டும் இல்லை. தோற்ற பிறகும் ஒவ்வொரு வருடமும் திரும்ப வந்து நின்றதுதான்.

அது என்ன 'டிப்சி' பந்தயம்?

கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே டமால்பைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் மில் வேலி என்ற சிற்றூர். மறுபக்கம் ஸ்டின்சன் கடற்கரை, அதற்கு அப்பால் பசிபிக் பெருங்கடல். இந்த ஊரில் இருந்து மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு ஓட வேண்டும். அதுதான் பந்தயம்.

தூரம் சுமார் 12 கிலோமீட்டர். கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே படிக்கட்டுகள் வந்துவிடும். மொத்தம் 688 படிகள். பழனி மலைக்கு 693 படிகள் என்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே கணக்கு. இங்கே அது வெறும் ஆரம்பம்தான்.

அதன் பிறகு காட்டுப்பாதை, வேர்கள், செங்குத்தான ஏற்றம், வழுக்கும் இறக்கம். ஏற்றங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் சிவகாசிக்காரர்கள் சிரிப்பார்கள். ஒன்றின் பெயர் 'டைனமைட்'. அதற்கு மேலே பாதையின் உச்சிக்குப் பெயர் 'கார்டியாக்'. அதாவது நெஞ்சுவலி மேடு! கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே ஏறி நின்றால் கடல் தெரியும். அதற்கப்புறம் கடற்கரை வரை இறக்கம்தான். நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் வரும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது வருவதால் அதற்கு 'இன்சல்ட்', அதாவது அவமானம் என்று பெயர்.

எப்படி ஆரம்பித்தது?

ஒரு பந்தயப் பேச்சில்தான். 1904-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப் உறுப்பினர்கள் இரண்டு பேர், மில் வேலியில் இருந்து கடற்கரையில் இருந்த 'டிப்சி இன்' என்ற விடுதிக்கு யார் முதலில் போவது என்று மோதிக்கொண்டார்கள். சார்லஸ் போவாஸ், அல்ஃபோன்ஸ் கோனி என்ற அந்த இருவரில் ஜெயித்தது போவாஸ். நண்பர்களுக்கு இது பிடித்துப்போக, அடுத்த வருடம் 1905 நவம்பரில் முறையான போட்டியாகவே நடத்திவிட்டார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய மலைப்பாதை ஓட்டம் என்று இன்று இதைச் சொல்கிறார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் நடக்கிறது.

யார் இந்த ஜாக் கிர்க்?

பந்தயம் தொடங்கிய அடுத்த வருடம், 1906-ல் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய பெரிய பூகம்பமும் அதே வருடம்தான்.

அவர் முதல் முறை டிப்சியில் ஓடியது 1930-ல். அப்போது வயசு 23. புகழ்பெற்ற கோல்டன் கேட் பாலம்கூட அப்போது கிடையாது. அது திறக்கப்பட்டது 1937-ல்தான். அதுவரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்து மில் வேலிக்கு வர வேண்டுமென்றால் தண்ணீரைப் படகில்தான் கடக்க வேண்டும்.

1930-ல் ஓடினார், ஜெயிக்கவில்லை. 1931-லும் ஜெயிக்கவில்லை. 1932, 1933-ல் பொருளாதாரப் பெருமந்தம் காரணமாகப் பந்தயமே நடக்கவில்லை. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்து, 1942 முதல் 1945 வரை நான்கு வருடம் நின்றது. ஒரு ஓட்டக்காரருக்கு நல்ல வயசு என்று சொல்லும் காலத்தில் கிர்க்குக்கு 6 வருடங்கள் இப்படிப் போய்விட்டன.

விட்டாரா? இல்லை. பந்தயம் நடந்த ஒவ்வொரு வருடமும் வந்து நின்றார். கடைசியில் 1951-ல் முதல் பரிசு கிடைத்தது. அது அவருடைய 16-வது டிப்சி. வயசு 44.

60 வயதில் எப்படி ஜெயித்தார்?

இங்கேதான் டிப்சியின் விதிமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயசில் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும்போது, குட்டிப் பையனிடம், நீ முன்னால ஓடு, நான் பத்து எண்ணிட்டு வர்றேன் என்று சொல்வோமே? அதே கணக்குதான்.

டிப்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப மாட்டார்கள். சிறுவர்களும் வயதானவர்களும் முதலில் கிளம்புவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு குழு. வேகமான இளைஞர்கள் கடைசியில்தான் கிளம்ப முடியும். முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இடையே 20 நிமிடத்துக்கு மேல் இருக்கும். ஆனால் கடற்கரையில் யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ, அவர்தான் வெற்றியாளர். குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவருக்குத் தனிப் பரிசு உண்டு.

யாருக்கு எத்தனை நிமிடம் சலுகை என்பதை, ஆரம்ப காலத்தில் ஒவ்வொருவருடைய பழைய ஓட்டங்களையும் பார்த்துப் போட்டி நடத்துபவர்கள் முடிவு செய்தார்கள். 1965-ல் அதை மாற்றி, வயதை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். இரண்டே வருடத்தில், 1967-ல், 60 வயது ஜாக் கிர்க் இரண்டாவது முறையாக ஜெயித்தார்.

சலுகையில் கிடைத்த வெற்றிதானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த நிமிடங்கள் யாரையும் மலைமேல் தூக்கிப்போய் விடாது. படிகளை ஏற வேண்டும், டைனமைட் மேட்டைத் தாண்ட வேண்டும், பின்னால் வரும் இளைஞர்கள் பிடிப்பதற்குள் கடற்கரைக்குப் போக வேண்டும். வயசு உடம்பிடம் இருந்து எடுத்துக்கொண்டதை விதி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் நியாயம் கிடைத்ததா?

அதுதான் இல்லை. வயதுக்கு இவ்வளவு இடம் கொடுத்த பந்தயம், பெண்களுக்கு நீண்ட காலம் கதவை மூடியே வைத்திருந்தது. 1918 முதல் 1922 வரை பெண்களுக்கென்று இதே பாதையில் ஒரு போட்டி நடந்தது. பெண்கள் ஓடக்கூடாது என்ற எண்ணம் இருந்த காலம் என்பதால், அதற்கு 'நடைப்பயணம்' என்றுதான் பெயர் வைத்தார்கள். டிப்சியில் பெண்கள் அதிகாரப்பூர்வமாக ஓட முடிந்தது 1971-ல்தான்.

கதவு திறந்த இரண்டே வருடத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1973-ல் மேரி எட்டா பொய்டானோ என்ற 10 வயதுச் சிறுமி முதல் பரிசை வாங்கினார். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர்களில் 66 வயது ஜாக் கிர்க்கும் ஒருவர்.

ஜெயித்த பிறகு என்ன செய்தார்?

ஓடினார். வேறு எதுவும் இல்லை. 1967-க்குப் பிறகு அவர் டிப்சியில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் 35 வருடங்கள் தொடர்ந்து ஓடி முடித்தார். 70 வயசு, 80 வயசு, 90 வயசு. 'டிப்சி பிசாசு' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் வசித்தது யோசெமிட்டி மலைப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ள மாரிபோசா பகுதியில். அங்கிருந்து மில் வேலிக்கு வருவதே பல மணி நேரப் பயணம்.

2002-ல், 95 வயதில், 67-வது முறையாக ஓடி முடித்தார். 1930-க்குப் பிறகு நடந்த ஒரு டிப்சியைக்கூட அவர் தவறவிடவில்லை.

2003-ல் என்ன ஆச்சு?

96 வயசு. இந்த முறையும் வந்தார். மற்றவர்களைப் போலவே படிகளில் ஏறினார். காட்டுப்பாதையில் மெதுவாக நடந்தார். கார்டியாக் மேட்டின் உச்சி வரை போய்விட்டார். கீழே கடல், அதன் கரையில் பந்தயம் முடியும் இடம். மீதி இருந்தது பெரும்பாலும் இறக்கம்தான்.

ஆனால் மலை ஏறிப் பழகியவர்களுக்குத் தெரியும். ஏறும்போது நெஞ்சு வலிக்கும், இறங்கும்போதுதான் முட்டி உடையும். கிர்க்கின் கடைசி டிப்சி அந்த உச்சியோடு முடிந்தது. தொடங்கிய ஒரு டிப்சியை அவர் முடிக்காமல் விட்டது அந்த ஒரே முறைதான்.

2007 ஜனவரியில், 100 வயதில் அவர் காலமானார்.

இந்தக் கதை நமக்கு ஏன்?

67 ஓட்டங்களில் 65 தோல்வி. மதிப்பெண் பட்டியல் போட்டால் பாஸ் மார்க்கூட வராது. நம்ம ஊரில் 50 வயதைத் தாண்டி யாராவது காலையில் ஓடக் கிளம்பினாலே, இந்த வயசுல எதுக்கு என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். கிர்க் அதே 50-ஐத் தாண்டிய பிறகு, இன்னும் 46 டிப்சிகளை ஓடி முடித்தார்.

அடுத்த அமாவாசைக்குச் சதுரகிரி போனால், கம்பு ஊன்றி மெதுவாக ஏறும் பெரியவருக்கு வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. அவர் எத்தனையாவது முறையாக ஏறுகிறார் என்று கேட்டுப் பாருங்க. பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.