திரிகூட மலையில் ஒரு தாவர நூலறிஞர்

தென்காசிக்கு மேற்கே மூன்று கல் தொலைவில் திருக்குற்றாலம் அமைந்துள்ளது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருதலால், மலைத்தொடரின் கீழ்ப்பால் உள்ள ஊர்கள் பலவும் வறண்டிருக்கும் ஆனி ஆடித் திங்கள்களில் இவ்வூரில் சாரல் பொழியும். அப்போது பேரருவியும் ஐந்தருவியும் பொங்கி வழியும். காடெங்கும் பசுமை தழைக்கும். மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இம்மலையின் வளத்தைக் குறவஞ்சி நூலாகப் பாடி அழியாப் புகழ் பெற்றார். அவர் காலத்திற்கு நூறாண்டுகளுக்குப் பின், இதே மலையின் வளத்தை வேறொரு வகையில் ஏட்டில் பதிக்க ஓர் அறிஞர் வந்தார். அவரே இராபர்ட் வைட் என்பவர்.

வைட் கி.பி. 1796-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். இவர் தந்தையார் ஒரு வழக்கறிஞர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818-இல் பட்டம் பெற்ற வைட், அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். மருந்துகளுள் பெரும்பாலன மூலிகைகளிலிருந்து கிடைத்த காலம் அது. ஆதலால் மருத்துவம் பயில்வோர் தாவர நூலையும் பயின்றனர். வைட்டுக்கோ அது தொழிலுக்குத் துணையாகும் கல்வியாக மட்டும் நில்லாது, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த வேட்கையாயிற்று.

அந்நாளில் நம் நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிய ஆராய்ச்சி எவ்வாறு நடந்தது? தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவராகிய கேனிக் என்பார் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் வழியில் சமயத் தொண்டர்கள் சிலரும் மருத்துவர்கள் சிலரும் செடிகளைத் தேடித் தொகுத்தனர். தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் பெருமகனாரும் அவர்களுள் ஒருவர். செடியைக் கண்டவர் இங்கே இருந்தார். அதனை ஒப்புநோக்கிப் பெயர் சூட்டுதற்குரிய நூலகமும் தொகுப்பும் ஐரோப்பாவில் இருந்தன. எனவே உலர்த்திய செடிகள் கப்பலேறின. அவற்றால் விளைந்த அறிவு மீண்டும் இந்நாட்டை வந்தடைவது அரிதாயிற்று.

இக்குறையை வைட் தம் வாழ்விலேயே கண்டார். 1826-இல் அவர் சென்னை அரசின் இயற்கைநூல் அறிஞராக அமர்த்தப்பட்டார். தென்னாடெங்கும் சுற்றிச் செடிகளைத் திரட்டினார். ஆனால் 1828-இல் அரசு அப்பதவியையே நீக்கிவிட்டது. அவரும் அவருக்கு முன்னிருந்தோரும் அரும்பாடுபட்டுச் சேர்த்த தொகுப்புகள் யாவும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்திற்குப் படை மருத்துவராக மாற்றப்பெற்றார். பிறராயின் மனம் சோர்ந்து ஆராய்ச்சியைக் கைவிட்டிருப்பர். அவரோ செடி தேடுவோரைத் தம் சொந்தச் செலவில் அமர்த்திக்கொண்டு முன்போலவே உழைத்தார். கிளாஸ்கோ நகரில் பேராசிரியராயிருந்த ஹூக்கர்க்குச் செடிகளையும் ஓவியங்களையும் அனுப்பி, அவர்தம் நட்பைப் பெற்றார்.

1831-இல் விடுமுறையில் தாய்நாடு சென்றபோது, ஏறத்தாழ 1,00,000 உலர்செடிகளைத் தம்முடன் கொண்டு சென்றார். அங்கே ஆர்னட் என்னும் அறிஞருடன் கூடித் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை எழுதி, அதன் முதற்பகுதியை 1834-இல் வெளியிட்டார். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு செடிகளைப் பிரிப்பது லின்னேயசின் முறை. வைட்டும் ஆர்னட்டும் அம்முறையைப் பின்பற்றவில்லை. இலை, பூ, சூலகம், கனி, விதை ஆகிய உறுப்புகள் அனைத்தையும் நோக்கி, உண்மையான உறவுடையவற்றை ஒரு குடும்பமாகச் சேர்க்கும் புதிய முறையை மேற்கொண்டனர்.

அவ்வாண்டே இந்தியாவுக்குத் திரும்பிய வைட் பல்லாரியில் ஒரு படைப்பிரிவின் மருத்துவரானார். சின்னாட்களில் அப்படைப்பிரிவு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 700 மைல் நீண்ட அப்பயணத்திலும் அவர் வழியோரச் செடிகளை ஆராய்ந்துகொண்டே வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் தொலைவில் இல்லை. 1835, 1836 ஆகிய ஆண்டுகளில் அவர் கால்கள் திரிகூட மலையை நாடின. அடிவாரத்தில் முட்புதர்கள்; சற்றே மேலேறினால் இலையுதிர் மரங்கள்; அதற்கும் மேலே என்றும் பசுமை மாறாத அடர்காடு. இவ்வாறு ஒரே மலையில் அடுத்தடுத்து வெவ்வேறு தாவர உலகங்கள் விளங்கக் கண்டு வியந்தார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றித் தாம் கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதிச் சென்னையிலேயே வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். இங்குக் கண்டதை இங்கேயே அச்சிட்டு, இங்குள்ளோர் படிக்குமாறு செய்தது ஒரு நல்ல மாற்றமாகும்.

ஆயினும் சொற்களால் மட்டும் ஒரு செடியை அறிவிப்பது எளிதன்று. நூலகமும் தொகுப்பும் இல்லாத ஊரில் வாழும் ஒருவர், சொல்விளக்கத்தைப் படித்துத் தம் கையிலுள்ள செடி எதுவெனத் துணிய இயலுமா? நன்கு வரைந்த படமொன்று இருப்பின் அத்துணிவு எளிதாகும். இதனை உணர்ந்த வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரப் படங்களைக் கல்லச்சில் பதித்து, ஆறு தொகுதிகளாகச் சென்னையில் வெளியிட்டார். அவற்றுள் 2,101 படங்கள் அடங்கியுள்ளன. வண்ணப் படங்கள் கொண்ட வேறு நூல்களையும் அவர் இயற்றினார்.

இப்படங்களை வரைந்தோர் இந்நாட்டு ஓவியர்களே. ரங்கையா, கோவிந்து என்னும் இருவர் அவருள் சிறந்தோர். அழகிய மலரை அழகாக வரைவது மரபு ஓவியர்க்குக் கைவந்த கலை. தாவர நூலுக்கோ அது போதாது. மலரைப் பிளந்து, சூலகத்தைக் குறுக்கே அறுத்து, உருப்பெருக்கும் கண்ணாடியின் வழியே நோக்கி, உள்ளது உள்ளவாறே அளவு பிழையாமல் வரைதல் வேண்டும். மகரந்தத் தாள் ஒன்று குறையினும் படம் பொய்யாகிவிடும். அந்நுட்பம் நூலைப் படிப்பதனால் மட்டும் வருவதன்று. அறிந்தவர் அருகிலிருந்து, பல்லாண்டு பழகிப் பெறுவதாகும். அவ்வோவியர்கள் அதனை முற்றும் பெற்றனர். வைட்டும் தம் ஓவியர்க்குரிய சிறப்பை மறைக்கவில்லை. படங்களின் கீழ் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆர்க்கிடு வகையைச் சேர்ந்த ஒரு செடிக்குக் கோவிந்தின் பெயரால் ‘கோவிந்தூயியா’ எனவும் அவர் பெயரிட்டார். பிற்கால ஆய்வில் அப்பெயர் வழக்கொழிந்தது. எனினும் அந்நன்றியுணர்வு நினைக்கத்தக்கது.

ஆனால் ஒரு குறையையும் இங்கே கூறுதல் வேண்டும். அட்டைக் கடியையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாது காடுகளில் அலைந்து செடிகளைக் கொணர்ந்தோர் பலரின் பெயர்கள் வரலாற்றில் இடம் பெறவில்லை. அவர்கள் தேடவும் உலர்த்தவும் கற்றனர். ஆராய்ந்து முடிவு கூறும் கல்வி அவர்க்கு அளிக்கப்படவில்லை. கையைப் பழக்கிய அக்காலம் கருத்தைப் பழக்கவில்லை.

வைட்டின் முயற்சிகள் யாவும் வெற்றியடைந்தன என்று கூறுவதற்கில்லை. 1842 முதல் 1853 வரை அவர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் அரசின் ஆய்வுப் பண்ணைகளை மேற்பார்த்தார். பல்லாண்டு முயன்றும் அரசு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அரசு வேண்டிய ஆராய்ச்சி அவ்வாறு முடிய, அலுவலுக்கிடையே கிடைத்த பொழுதில் அவர் தாமே விரும்பிச் செய்த ஆராய்ச்சி நிலைத்த பயன் அளித்தது. 1853-இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்ற அவர், தம் தொகுப்பைக் கியூ தாவரப் பூங்காவிற்கு வழங்கினார். 1872-ஆம் ஆண்டு மே திங்கள் 26-ஆம் நாள் மறைந்தார்.

அவர் விட்ட குறையைக் காலம் படிப்படியாக நிறைவு செய்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கல்லூரிகளில் தாவர நூல் பாடமாயிற்று. வைட் வாழ்ந்த கோயம்புத்தூரிலேயே, வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புல்வகைகளைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதிய நூல் 1921-இல் வெளிவந்தது. 1955-இல் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையம் அந்நகரில் நிறுவப்பெற்றது. தாள்கட்டைச் சுமந்து பின்னே நடந்தோரின் நாட்டில், முன்னே நடந்து ஆராய்வோர் தோன்றினர்.

இன்று ஆராய்ச்சியின் இயல்பு பெரிதும் மாறிவிட்டது. செடியின் மரபணுவைக் கொண்டே அதன் உறவு துணியப்படுகின்றது. ஒருவர் தனித்துச் செய்த பணியைப் பலர் குழுவாகக் கூடிச் செய்கின்றனர். அக்காலத்தில் செடிகளைத் திரட்டுவதே பெரும்பணியாயிருந்தது. இக்காலத்தில் அவற்றை அழியாமற் காப்பதும் ஆராய்ச்சியாளரின் கடமையாயிற்று. ஆதலால் காட்டில் செடியைப் பறிப்பதற்கும் இசைவு பெறுதல் வேண்டும். எனினும் கருவிகள் எத்துணை மாறினும், ஒரு மலரைப் பொறுமையுடன் உற்றுநோக்கும் கண்ணும், கண்டதை மாற்றாது பதியும் நேர்மையும், தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பிக்கும் உள்ளமும் மாறாது வேண்டப்படுவன. தென்னாட்டுச் செடிகள் பலவற்றின் பெயரோடு ‘வைட்டியானா’ என்னும் சொல் இன்றும் ஒட்டி நிற்கின்றது. குற்றாலச் சாரலில் நனையச் செல்லும் மாணவர், பாறையிடுக்கில் மலர்ந்திருக்கும் ஒரு சிறு பூவின்முன் சற்றே நின்று அதனை நோக்குவாராயின், அவரும் அவ்வாராய்ச்சி நெறியில் முதலடி வைத்தவராவார்.