ஒளிக்கும் வேகம் உண்டு – ஓலே ரோமர்

இருட்டறையில் விளக்கை ஏற்றியவுடன் அறை முழுவதும் வெளிச்சம் பரவுகிறது. ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல நேரம் ஆகுமா? சிறிதும் ஆகாது என்றே அரிஸ்டாட்டில் முதல் டேக்கார்ட் வரை அறிஞர் பலர் கருதினர். கலிலியோ விளக்குகளைக் கொண்டு அளக்க முயன்றும் விடை கிட்டவில்லை. வானத்தை நோக்கி அவ்விடையைக் கண்டவர் ஓலே ரோமர்.

ரோமர் டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் 1644ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பிறந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1671இல் அங்கு வந்த பிரெஞ்சு வானியல் அறிஞர் பிக்கார்டுக்கு உதவியாளரானார். அவருடைய திறமையைக் கண்டு வியந்த பிக்கார்டு, மறு ஆண்டே அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அங்கு அரச வானாய்வகத்தில் ரோமர் பணியாற்றினார். அவ்வானாய்வகத்தில் அந்நாளில் பெரும்புகழுடன் விளங்கியவர் காசினி.

வியாழனின் நிலவுகளுள் ஒன்று அயோ. அது ஏறத்தாழ 42½ மணி நேரத்திற்கு ஒருமுறை வியாழனைச் சுற்றி வருகிறது; ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலில் மறைந்து மீண்டும் வெளிப்படுகிறது. இம்மறைவுகளை வானத்துக் கடிகாரமாகக் கொள்ளலாம் என வானியலார் எண்ணினர். ஆனால் அக்கடிகாரம் பிழை காட்டியது. புவி வியாழனைவிட்டு விலகிச் செல்லும் மாதங்களில் மறைவுகள் கணித்த நேரத்திற்குப் பிந்தின. நெருங்கி வரும் மாதங்களில் முந்தின.

அயோவின் ஓட்டத்தில் பிழையில்லை. தொலைவு கூடுவதால் ஒளி வந்து சேரத் தாமதமாகிறது என்று ரோமர் தெளிந்தார். இவ்வெண்ணம் காசினிக்கும் தோன்றியதுண்டு. ஆயினும் ஏனைய நிலவுகளின் கணக்கு அதற்கு ஒத்துவராமையால் அவர் அதனைக் கைவிட்டார். மூத்த அறிஞர் ஏற்காத கருத்தை இளைஞர் ஒருவர் நிலைநாட்டுவது எளிதன்று. ரோமர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. 1676 நவம்பர் 9ஆம் நாள் அயோ நிழலிலிருந்து வெளிப்படுவது 10 நிமிடம் தாமதமாகவே தெரியும் எனச் செப்டம்பரிலேயே அறிவித்தார். கணக்குப் பொய்த்தால் அவையோர்முன் தலைகுனிய நேரும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். குறித்த நாளும் வந்தது. அயோ 10 நிமிடம் தாமதித்தே தோன்றியது!

புவிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்று ரோமர் கணித்தார். இன்றைய அளவீட்டின்படி அது ஏறத்தாழ 16½ நிமிடமே. அளவு சற்றுப் பிழைத்தாலும் உண்மை பிழைக்கவில்லை. எனினும் காசினி இறுதிவரை இதனை ஏற்கவில்லை.

1681இல் ரோமர் தாய்நாடு திரும்பினார். கோபன்ஹேகனில் வானியல் பேராசிரியராக விளங்கினார். நாடு முழுமைக்கும் ஒரே சீரான எடை, அளவு முறைகளை வகுத்தார். நகரத் தெருக்களுக்கு விளக்கு வசதி செய்தார். 1710 செப்டம்பர் 19இல் மறைந்தார். 1728இல் பிராட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் வேறொரு வழியில் ஆராய்ந்து ஒளிக்கு வேகம் உண்டென உறுதிப்படுத்தினார்.

வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் சுமார் 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. பொருள் எதுவும் அவ்வேகத்தை எட்டவோ விஞ்சவோ இயலாது என்பது 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட கோட்பாட்டின் முடிவு. ஒளிக்கு வேகம் உண்டு என்று அறிந்த பின்னரன்றோ அதனை முந்த இயலுமா என்று கேட்க முடியும்! சில நிமிடத் தாமதத்தைப் பிழையென ஒதுக்காமல் காரணம் தேடிய ரோமரே அவ்வினாவுக்கு வாயில் திறந்தவர்.

அருஞ்சொற்பொருள்
விஞ்சுதல் – மிஞ்சுதல். பொய்த்தல் – தவறாதல். ஏனைய – மற்ற

வினாக்கள்
1. அயோவின் மறைவுகள் சில மாதங்களில் பிந்தியது ஏன்?
2. ரோமர் தம் கருத்தை எவ்வாறு மெய்ப்பித்தார்?
3. பெரியோர் கருத்தோடு மாறுபட நேர்ந்தால் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? ஐந்து வரிகளில் எழுதுக.