காது கேளாதவர் செய்த பாட்டுப் பெட்டி

ஆரணிப் பட்டுக்குப் பெயர் போன வட்டாரத்தில் இருக்கிறது படவேடு. பட்டு நூலில் கலப்பு உண்டா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் இழையைக் கொளுத்த வேண்டும். தலைமுடி கருகியது போல நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அது பட்டு. பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டியது இல்லை.

தறி ஓடும் வீட்டில் பாட்டும் ஓடும். இருக்கிற பெட்டி போதாது, பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடைக்குப் போனால் ஆயிரத்திலும் இருக்கிறது, லட்சத்திலும் இருக்கிறது. விலை கூடினால் பாட்டின் இனிமையும் கூடுமா? இழையைக் கொளுத்துவது போல ஒலிக்கும் ஒரு சோதனை உண்டா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒரு சோதனையை ஊர் ஊராக நடத்தியவர் தாமஸ் ஆல்வா எடிசன். பேசும் இயந்திரத்தை உலகுக்குத் தந்தவர் அவர். ஆனால் அவருக்கே காது சரியாகக் கேட்காது!

ரெயிலில் பத்திரிகை விற்ற சிறுவன்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் ஏழாவது பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே படித்தார். பிறகு தாயாரே பாடம் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார்.

சிறு வயதிலேயே காது மந்தமாகி விட்டது. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. தந்தி அடிக்கும் வேலை கற்றார். இளைஞரானதும் புதுப் புது கருவிகளைச் செய்யத் தொடங்கினார்.

பேசிய உருளை

1877-ம் ஆண்டு. ஓர் உருளையின் மீது வெள்ளீயத் தாளைச் சுற்றினார். கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். குரலின் அதிர்வுக்கு ஏற்ப ஊசி அந்தத் தாளில் பள்ளம் போட்டது. ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்துச் சுழற்றினார். இயந்திரம் அவர் குரலிலேயே பேசியது. கூட இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

அந்த ஒலி கரகரப்பானது. சில தடவை ஓட்டினால் தாள் தேய்ந்துவிடும். பின்னாளில் மெழுகு உருளை வந்தது. குரல் தெளிந்தது. அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள யாருக்கும் சோதனை தேவைப்படவில்லை.

வைர ஊசி

1912-ம் ஆண்டில் எடிசனின் கம்பெனி ஒரு புதிய இசைத்தட்டை வெளியிட்டது. தட்டு கால் அங்குல கனம். மற்றவர்களின் கிராமபோனில் இரும்பு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். எடிசனின் பெட்டியிலோ தேயாத வைர ஊசி.

எந்தப் பாடகர் பாடலாம் என்பதை எடிசனே முடிவு செய்தார். காது கேளாதவர் எப்படிக் கேட்டார்? பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு எலும்பு வழியாக உள்ளே போகும். குரல் நடுங்கினால் அவருக்குப் பிடிக்காது. தம் காதைவிட நல்ல காது இல்லை என்பது அவர் எண்ணம்.

பெட்டியில் ஒரு வகைக்கு விலை 250 டாலர். அந்தக் காலத்தில் ஒரு போர்டு காரின் விலையில் பாதிக்கு மேல்! அவ்வளவு கொடுத்து வாங்க ஜனங்களுக்கு ஒரு காரணம் வேண்டாமா?

இருட்டில் நடந்த சோதனை

1915-ம் ஆண்டு முதல் எடிசனின் கம்பெனி மேடை ஏறியது. பாடகியும் பெட்டியும் அருகருகே நிற்கும். பாடகி பாடுவார், பெட்டியும் பாடும். நடுவில் பாடகி வாயை மூடிக்கொள்வார், பாட்டு மட்டும் தொடரும். சில சமயம் விளக்கை அணைத்துவிடுவார்கள். விளக்கு எரியும்போது பார்த்தால் பாடகி மேடையிலேயே இருக்கமாட்டார்!

1916-ல் நியூயார்க் நகரின் கார்னகி அரங்கில் மேரி ராப்போல்டு என்ற பாடகி இப்படிப் பாடினார். குரல் எது, பெட்டி எது என்று தெரியவில்லை என்றே பலரும் சொன்னார்கள். பத்தாண்டுகள் ஊர் ஊராக இது நடந்தது.

ஜனங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. இந்த மேடைகளில் பாடியவர்களில் ஒருவர் அன்னா கேஸ். முதுமையில், 1972-ல், அவர் உண்மையைச் சொன்னார். பெட்டியின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடினாராம். பெட்டி மனிதரைப் போலப் பாடியது பாதி. மனிதர் பெட்டியைப் போலப் பாடியது மீதி!

மைக் வந்தது

அதுவரை பாடகர்கள் ஒரு பெரிய புனலுக்கு முன் நின்றுதான் பாடினார்கள். மெல்லிய ஒலியும், மிகத் தாழ்ந்த ஒலியும், மிகக் கூரிய ஒலியும் தட்டில் ஏறவில்லை. 1925-ல் மற்றக் கம்பெனிகள் மைக் வைத்து மின்சாரத்தால் பதிவு செய்யத் தொடங்கின. ஏறாத ஒலிகள் ஏறின. பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பதிவில் இல்லாத ஒலியை அதனால் தர முடியாது.

எடிசன் தாமதமாகவே அந்த வழிக்கு வந்தார். 1929-ல் அவருடைய கம்பெனி இசைத்தட்டுத் தொழிலையே நிறுத்தியது. 1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, தம் 84-வது வயதில் எடிசன் காலமானார்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

எடிசனின் சோதனையில் இருந்த ஓட்டையை அடைத்து, எந்த வீட்டிலும் அதை நடத்தலாம். பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டையும் ஒரு திரைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரே பாட்டைப் போட வேண்டும். சத்தம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இது மிக முக்கியம். சற்று உரக்கப் பாடும் பெட்டியே நல்ல பெட்டி என்று காது நம்பிவிடும்.

ஒருவர் மாற்றி மாற்றிப் போட, மற்றவர் பார்க்காமல் எது என்று சொல்ல வேண்டும். பத்து முறையில் ஐந்து சரியாக வந்தால் அது வெறும் ஊகம். ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால் வேறுபாடு உண்மையானது.

கைக்குள் அடங்கும் ஸ்பீக்கருக்கும் நல்ல பெரிய ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாடு தவில் ஒலியிலேயே தெரிந்துவிடும். பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒலியை மாற்றும். ஆனால் நன்றாக இருக்கும் ஒயரை எடுத்துவிட்டுப் பல மடங்கு விலையுள்ள ஒயரைப் போட்டால், திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் கண்டுபிடிப்பது அரிது.

ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பது தறிக்காரக் குடும்பத்துக்குத் தெரியும். அந்தக் கூலியைக் கடையில் எண்ணிக் கொடுக்கும் முன், ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக் கேட்டுவிடுவது நல்லது. இழையைக் கொளுத்திப் பார்த்துப் பட்டு வாங்குகிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.