எச். ஜி. வெல்ஸ்

எர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 – ஆகஸ்ட் 13, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஆவார். கால இயந்திரம் (1895), உலகங்களின் போர் (1898) ஆகிய அறிவியல் புதினங்களால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டின் முன்னோடியாகவும் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

கென்ட் பகுதியிலுள்ள பிராம்லியில் பிறந்தார். தந்தை சிறு கடை நடத்தியவர், துடுப்பாட்டக்காரரும் கூட. 1874 இல் கால் முறிந்து படுக்கையில் இருந்தபோது வெல்ஸுக்கு வாசிப்பில் நாட்டம் ஏற்பட்டது. துணிக்கடையில் தொழில் பழகிய பின்னர், உதவித்தொகை பெற்று இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார்.

சிறு போர்கள்

மகன்கள் ஜார்ஜ் பிலிப், பிராங்க் ஆகியோருடன் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு தரை விளையாட்டுகள் (1911) என்ற நூலை எழுதினார். சிறு போர்கள் 1913 இல் வெளிவந்தது. புருசியப் படை அதிகாரிகள் 19 ஆம் நூற்றாண்டிலேயே போர்ப் பயிற்சிக்கான ஆட்டம் ஒன்றை ஆடி வந்தனர். அதில் சேதத்தைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. வெல்ஸின் ஆட்டத்தில் பீரங்கித் தாக்குதலுக்குப் பகடை இல்லை. வில்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கி சிறு மர உருளையை உண்மையாகவே எறியும். ஏறத்தாழ 9 கெசத் தொலைவிலுள்ள (8 மீட்டர்) பொம்மையையும் அது வீழ்த்தக்கூடியது. விழுந்த வீரன் இறந்தவனாவான்.

களம் நவராத்திரிக் கொலுவில் அமைக்கும் ஊரைப் போன்றது. கட்டைகளை அடுக்கி வீடுகளும், தோட்டத்துக் குச்சிகளை நட்டு மரங்களும் அமைக்கப்பட்டன. மர உருளை பறக்கும் களத்தில் இவை சரிவது இயல்பே. ஆனால் களத்தைக் கூடியவரை கலைக்கக் கூடாது, பீரங்கிக்கு வழிவிட எதையும் வேண்டுமென்றே நகர்த்தக் கூடாது, தற்செயலாக இடம்பெயர்ந்ததை அந்த நகர்த்தல் முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும் என்று வெல்ஸ் விதித்தார். வீரர்களை உள்ளே ஒளித்து வைத்தால் குழப்பம் நேரும் என்பதால் வீடுகள் உள்ளீடற்று இருக்கக் கூடாது என்பதும் விதியாகும். பிற்கால மேசைப் போர் விளையாட்டுகளில் இடிந்து விழும் கட்டடங்கள் தனிக் கலையாகவே வளர்ந்தன. வெல்ஸின் ஆட்டத்திலோ சரிந்த வீடு மீண்டும் எழுந்து நின்றது. புதினங்களில் சர்ரே ஊர்களைச் செவ்வாய்வாசிகளின் வெப்பக் கதிரால் எரித்தவர் இவரே என்பது குறிப்பிடத்தக்கது.

உண்மைப் போர் அறிவற்றது என்றும், பொம்மைப் போரே மேலானது என்றும் இந்நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கியது. அணுகுண்டுகளால் நகரங்கள் அழிவதைக் கற்பனை செய்த இவரது புதினமும் 1914 இல் வெளிவந்ததே.

குழந்தை உளவியலாளர் மார்கரெட் லோவன்பெல்டு மணல் தட்டிலும் பொம்மைகளிலும் அமைந்த தம் சிகிச்சை முறையை உருவாக்கத் தரை விளையாட்டுகள் நூல் தூண்டுதலாக இருந்தது.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது செருமானியர் குண்டு வீசியபோதும் வெல்ஸ் ரீஜண்ட்ஸ் பூங்கா அருகிலிருந்த தம் வீட்டை விட்டு வெளியேறவில்லை. அவ்வீட்டிலேயே 1946 இல் காலமானார். அவரது சாம்பல் கடலில் தூவப்பட்டது.