வெல்லஸ்ஸவில் ஒரு மண்வீடு: அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோவின் வாழ்க்கை

1980ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மொணராகலை மாவட்டத்தின் புத்தல பகுதியிலுள்ள அளுகலவித்த கிராமத்துக்கு ஒரு கத்தோலிக்கக் குரு குடிவந்தார். அது முழுக்க முழுக்கச் சிங்கள பௌத்தக் கிராமம். வந்தவரோ ரோமிலும் பாரிஸிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர், வயது 53. மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. அப்படி நினைக்க அந்த ஊருக்கு நியாயம் இருந்தது.

ஊவா-வெல்லஸ்ஸவில் 1818 இன்னும் மறக்கப்படவில்லை. 1817இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கப் பிரித்தானியப் படைகள் வீடுகளையும் நெல்லையும் எரித்தன, கால்நடைகளைக் கொன்றன. செழிப்பான நெல்வயல் பூமியாகப் பேர்பெற்ற வெல்லஸ்ஸ அதன்பிறகு நிமிரவேயில்லை. அந்த மக்களைப் பொறுத்தவரை கிறிஸ்தவம் என்பது எரித்தவர்களின் மதம்.

கீழ் ஊவாவின் கதை இது. மேல் ஊவாவில், பதுளை, பசறை, ஹப்புத்தளை மலைகளில் வேறொன்று நடந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாக்க, அவை கோப்பித் தோட்டங்களாகி, பின்னர் தேயிலையாகின. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் லயங்களில் அடைக்கப்பட்டனர். தன் நிலத்தைப் பறித்தவன் தமிழன் என்று சிங்கள விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்தத் தமிழனுக்கோ லயத்து அறைகூடச் சொந்தமில்லை. 1948இல் குடியுரிமையும் போயிற்று. பறித்தவர்கள் கப்பலேறிய பிறகும் இந்தக் கோபம் மட்டும் இங்கேயே நின்றது. தேர்தலுக்குத் தேர்தல் அது பயன்பட்டது.

மைக்கல் ரொட்ரிகோ 1927 ஜூன் 30ஆம் திகதி தெஹிவளையில் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். பௌத்தத்தை ஆழ்ந்து கற்றவர். வெளிநாட்டில் பேராசிரியராக அமர்ந்திருக்கலாம். அவரை ஊவாவுக்கு இழுத்தவர் ஆயர் லியோ நாணயக்கார. இந்த ஆயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழமையும் செல்வாக்கும் மிக்க கண்டி மறைமாவட்டத்தை விட்டுவிட்டு, 1972இல் புதிதாக உருவான, மிக வறிய பதுளை மறைமாவட்டத்தைத் தானாகவே கேட்டு ஏற்றவர் அவர். பதவியில் கீழிறங்குவதை விரும்பிச் செய்தவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்?

1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையில் ஜே.வி.பி. இளைஞர்கள் தாக்கிய வெல்லவாய பொலிஸ் நிலையம் இதே ஊவாவில்தான் இருக்கிறது. அந்தக் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்கள் மாண்டனர். குருமாரைப் பழைய முறையில் பயிற்றுவிப்பதில் பொருளில்லை என்று கருதிய ஆயர், பண்டாரவளையில் சேவக செவன என்ற நிலையத்தைத் தொடங்கினார். கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு தங்கிப் படிப்பதே அங்கு பயிற்சி. 1970களின் நடுப்பகுதியில் ரொட்ரிகோ அங்கு சேர்ந்தார்.

பண்டாரவளை என்றதும் நம்மில் பலருக்கு பிந்துனுவெவ நினைவுக்கு வரும். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, அந்நகருக்கு அருகிலிருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். பொலிஸார் பக்கத்திலேயே நின்றனர். முகாமுக்கும் ஊருக்கும் இடையில் முதல் நாள் மாலை எழுந்த பதற்றத்தை விடியுமுன் தணிக்க ஒருவரும் இருக்கவில்லை. அப்படியொருவர் இடையில் நிற்க வேண்டுமானால் அந்த நம்பிக்கையை ஓர் இரவில் சம்பாதிக்க முடியாது.

அளுகலவித்தயில் ரொட்ரிகோ அதற்கு ஏழு ஆண்டுகள் கொடுத்தார். அவருடன் இரண்டு அருட்சகோதரிகள் இருந்தனர். அவர்களது மண்வீட்டின் பெயர் சுப செத் கெதர. கோவில் கட்டவில்லை, எவரையும் மதம் மாற்றவில்லை. 1818இல் கிறிஸ்தவர்கள் செய்ததற்குப் பரிகாரமாகவே தான் அங்கு இருப்பதாக அவர் கருதினார். மூலிகை மருத்துவம், சிறுவர் பராமரிப்பு, இயற்கை விவசாயம், இளைஞருக்குக் கைத்தொழில் என்று வேலைகள் மெல்ல வளர்ந்தன. முதலில் விலகி நின்ற பிக்குமாரில் சிலர் பின்னர் நண்பர்களாயினர். எனக்கு இதுவே அவருடைய பெரிய சாதனையாகத் தெரிகிறது. விகாரையை எதிரியாக்காமல் அந்த ஊரில் எதுவும் பேசலாம் என்ற நிலை வந்தது.

பேச வேண்டியதும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் பெல்வத்தை சீனிக் கம்பனிக்காகப் பெருமளவு காணி கரும்புக்குப் போனது. பிரித்தானியக் கம்பனியான புக்கர் அதன் முகாமைத்துவத்தில் இருந்தது. சேனை விவசாயிகள் நிலமிழந்து கரும்புத் தோட்டத்துக் கூலிகளானார்கள். மேல் ஊவாவின் லயத்துக் கதை கீழ் ஊவாவுக்கும் வந்து சேர்ந்தது. ரொட்ரிகோ இதை எதிர்த்துப் பேசினார், எழுதினார். விவசாயியின் கோபத்தை அவர் அணைக்க முயலவில்லை. அது யார்மீது வரவேண்டியதோ அவர்கள் பக்கம் திருப்பினார்.

1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கோபம் தவறான வாசலுக்குப் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஊவாவில் வேறு சாட்சி தேவையில்லை.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. தெற்கில் ஜே.வி.பி. இரண்டாம் முறை ஆயுதமேந்தியது. கிராமத்து இளைஞரோடு பழகும் எவரும் அரசுக்குச் சந்தேக நபரானார்கள். ஆயுதத்தை ஏற்காத எவரும் ஜே.வி.பி.க்குத் துரோகியானார்கள். வடக்கில் இருந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1989 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டதும் இப்படியான ஓரிடத்தில் நின்றதற்காகத்தான். ரொட்ரிகோவை அரச தரப்பு ஜே.வி.பி. ஆதரவாளர் என்று சந்தேகித்தது. மிரட்டல்கள் வந்தன. ஊரை விட்டுப் போவதா, இருப்பதா என்று மண்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அதே வீட்டில் திருப்பலி முடியும் தறுவாயில், யன்னலூடாக வந்த குண்டு அவருடைய தலையில் பாய்ந்தது. அவருக்கு வயது 60. இந்தக் கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.